கைதட்டுவது யார்?

(மாவட்ட மைய நூலகத்தில் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் நடந்த ஞாயிறு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



17 வயதுப் பையன் ஒருவன் கொலை வழக்கில் பிடிபட்டான் என்று காலையில் செய்தி வந்தால், மாலைக்குள் ஊர் மூன்று தீர்ப்புகளைச் சொல்லிவிடும். "வளர்ப்பு சரியில்லை" என்பார் ஒருவர். "வளர்ப்பு என்னங்க, சேர்க்கை சரியில்லை" என்பார் அடுத்தவர். "எல்லாம் இந்த சினிமாவும் செல்போனும் பண்ற வேலை" என்பார் மூன்றாமவர். மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் வளர்ப்பில் எது, சேர்க்கையில் எது, சினிமாவில் எது என்று நாம் மேற்கொண்டு கேட்பதில்லை. கேட்காததால்தான் அடிப்பது, விரட்டுவது, அடைத்துவைப்பது என்ற மூன்றைத் தாண்டி நமக்கு வேறு வழியும் தெரிவதில்லை. இன்று அந்தக் கேள்வியைக் கேட்போம். யூகத்தை ஒதுக்கிவிட்டு, பல்லாண்டுகள் பொறுமையாகப் பின்தொடர்ந்து பார்த்தவர்கள் கண்டதை வைத்துக் கேட்போம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனை ஒட்டி, கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்று இரண்டு ஊர்கள் உண்டு. அங்கே தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்த தெருக்களில் 1939-ஆம் ஆண்டு ஒரு பெரிய முயற்சி தொடங்கியது. தொடங்கியவர் ரிச்சர்ட் கிளார்க் கேபட் என்ற மருத்துவர். வழி தவறக்கூடிய பையன்களுக்குச் சின்ன வயதிலேயே அன்பான பெரியவர் ஒருவரின் துணை கிடைத்தால் அவர்கள் திருந்தி நல்வழிப்படுவார்கள் என்பது அவர் நம்பிக்கை. நம்பிக்கையோடு நிற்காமல் சோதித்தும் பார்க்க விரும்பினார். 506 பையன்களைத் தேர்ந்தெடுத்தார்கள். வயது, குணம், குடும்பநிலை எல்லாவற்றிலும் ஒத்துப்போகும் இருவரை இணையாகச் சேர்த்தார்கள். நாணயத்தைச் சுண்டிப் போட்டு, இருவரில் ஒருவனுக்கு உதவி, மற்றவனுக்கு வழக்கமான வாழ்க்கை என்று பிரித்தார்கள்.

உதவி கிடைத்த பையனின் வீட்டுக்கு மாதம் இரண்டு முறை ஆலோசகர் ஒருவர் வருவார். பாடம் சொல்லித் தருவார், மருத்துவமனைக்கு அழைத்துப் போவார், விளையாட்டில் சேர்த்துவிடுவார், கோடையில் முகாமுக்கும் அனுப்புவார். சராசரியாக ஐந்தரை ஆண்டுகள் இது நடந்தது. ஒவ்வொரு முறை வந்துபோனதும் ஆலோசகர் தாம் அந்த வீட்டில் கண்டதை எழுதிவைத்தார். அப்பா என்ன பேசினார், அம்மா பையனை எப்படிக் கூப்பிட்டார், இருவரும் சண்டை போட்டார்களா, பையன் எங்கே இருக்கிறான் என்று வீட்டில் யாருக்காவது தெரிந்திருந்ததா என்று எல்லாம் கோப்பில் ஏறின. 1945-இல் திட்டம் முடிந்தது. ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்து, ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அந்தப் பையன்களை நடுவயது ஆண்களாகத் தேடிக் கண்டுபிடித்தார். திட்டம் பலித்ததா என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தக் கோப்புகள் குடும்பத்தைப் பற்றிச் சொன்னதைப் பார்ப்போம்.

நம் ஊரில் கணவன் இல்லாமல் பிள்ளை வளர்க்கும் பெண்ணைப் பார்த்து, "அப்பன் இல்லாத பிள்ளை, தறுதலையாத்தான் போகும்" என்று கூசாமல் சொல்வார்கள். மெக்கார்ட் நான்கு வகை வீடுகளைப் பிரித்துப் பார்த்தார். தந்தை பிரிந்துபோய், தாயின் பாசமும் கிடைக்காத வீட்டுப் பையன்களில் 62 சதவீதம் பேர் பின்னாளில் குற்றத்தில் சிக்கியிருந்தார்கள். தாயும் தந்தையும் சேர்ந்தே இருந்து, ஓயாமல் சண்டையிட்ட வீடுகளில் இது 52 சதவீதம். சேர்ந்திருந்து சண்டையில்லாத வீடுகளில் 26 சதவீதம். தந்தை இல்லாமல், பாசமுள்ள தாய் தனியாக வளர்த்த வீடுகளில் 22 சதவீதம். இந்தக் கடைசி இரண்டு எண்களுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை. தனியாக நின்று பிள்ளையை ஆளாக்கிய தாய்மார்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். ஊர் உங்கள்மேல் சுமத்திய பழி பொய் என்று அந்தக் கோப்புகள் சாட்சி சொல்கின்றன. "பிள்ளைகளுக்காகச் சேர்ந்திருக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டு தினமும் தட்டு பறக்கும் வீடுகளை நடத்துகிறவர்களும் அந்த 52-ஐ நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே பாஸ்டன் பகுதியில் ஷெல்டன் க்ளூக், எலினோர் க்ளூக் என்ற தம்பதியர் குற்றத்தில் சிக்கிய 500 பையன்களையும் சிக்காத 500 பையன்களையும் ஒப்பிட்டு 1950-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். அந்தத் தரவுகளைப் பிற்காலத்தில் ராபர்ட் சாம்ப்சனும் ஜான் லாப்பும் மறுபடி ஆராய்ந்தார்கள். வறுமை பையனைக் கெடுத்தது நேரடியாக அல்ல, பெரும்பாலும் வீட்டின் வழியாகத்தான் என்று கண்டார்கள். ஒரு நாள் எதையும் கண்டுகொள்ளாமல் விட்டு, மறுநாள் அதே தவறுக்கு வார் அறுந்துபோக அடிக்கும் கண்டிப்பு. பையன் எங்கே, யாரோடு இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாத நிலை. பெற்றவருக்கும் பிள்ளைக்கும் ஒட்டுதல் இல்லாமை. இந்த மூன்றும் கூடிய வீட்டில்தான் ஆபத்து. இரண்டு வேலை பார்த்து இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும் தாயால் பிள்ளையைக் கண்காணிக்க முடியாமல் போவது அவள் குணக்கேடு அல்ல. அவள் கூலியும் வேலைநேரமும் அப்படி இருக்கின்றன. குடும்பத்தைக் குறை சொல்லும் முன்பு இதை நாம் கணக்கில் கொள்ள வேண்டும்.

இன்னொரு ஆய்வு, 1961-இல் தென் லண்டனில் 411 பையன்களோடு தொடங்கியது. அங்கே, ஆறு சதவீதத்துக்கும் குறைவான குடும்பங்களிலிருந்தே எல்லாக் குடும்பங்களின் தண்டனைகளிலும் பாதி வந்திருந்தது. இதைக் கேட்டதும், "பார்த்தீர்களா, குற்றம் வழிவழியாக வருகிறது" என்று யாருக்கும் சொல்லத் தோன்றும். அப்படிச் சொல்வது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் மண் அனுபவித்திருக்கிறது. வெள்ளை அரசு 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. 1911-க்குப் பிறகு அது சென்னை மாகாணத்திலும் பாய்ந்தது. ஒரு சாதியில் பிறந்ததற்காகவே ஆண்கள் கைரேகை பதிக்க வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும், ஊரைவிட்டு வெளியே போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். ரேகைச் சட்டம் என்றே மக்கள் அதைச் சொன்னார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் அந்தச் சட்டத்தை எதிர்த்து நின்றவர்கள்மேல் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணும் உயிர் கொடுத்தவர்களில் ஒருவர். சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் சட்டம் ஒழிந்தது.

லண்டன் கணக்குக்கும் இரத்தத்துக்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை. சிறைக்குப் போன தகப்பனின் மகனுக்குக் கண்காணிப்பு இல்லை, வருமானம் இல்லை, அக்கம்பக்கத்தில் மரியாதை இல்லை. தெருவில் எது காணாமல் போனாலும் போலீஸ் முதலில் தட்டுவது அவன் வீட்டுக் கதவை. "உங்கப்பன் புத்திதானே உனக்கும் இருக்கும்" என்ற பேச்சை அவன் ஆறு வயதிலிருந்து கேட்கிறான். அந்தப் பேச்சு இல்லாத ஓரிடத்தைத் தேடி அவன் தெருவுக்கு வருகிறான். அங்கே நண்பர்கள் இருக்கிறார்கள்.

நட்பு என்ன செய்யும் என்று பார்க்க, இப்போது கேபட்டின் திட்டத்துக்கு வருவோம். நடுவயதில் மெக்கார்ட் கேட்டபோது, உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், "அந்தத் திட்டம் எங்களுக்கு நல்லது செய்தது" என்றார்கள். ஆலோசகர்களை நன்றியோடு நினைத்தார்கள். ஆனால் மெக்கார்ட் நீதிமன்றப் பதிவு, மருத்துவப் பதிவு, இறப்புப் பதிவு எல்லாவற்றையும் எடுத்து ஜோடி ஜோடியாக ஒப்பிட்டார். உதவி பெற்றவன் உதவி பெறாதவனைவிட நன்றாக வாழ்ந்திருக்கவில்லை. ஒரு குற்றத்தோடு நிறுத்தாமல் மறுபடி குற்றம் செய்தது, குடிக்கு அடிமையானது, சீக்கிரம் இறந்தது என்று பலவற்றில் உதவி பெற்றவர்களின் நிலைதான் மோசமாக இருந்தது. 1978-இல் இந்த முடிவு வெளியானபோது சமூகப்பணி உலகமே திகைத்தது. அவ்வளவு அன்பும் உழைப்பும் எப்படிக் கெடுதலாக முடிந்தன?

மெக்கார்ட் பல ஆண்டுகள் கழித்து மறுபடி கோப்புகளைப் புரட்டினார். விடை கோடை முகாமில் இருந்தது. முகாமுக்கு ஒரு முறைக்குமேல் அனுப்பப்பட்ட பையன்களிடம்தான் கெடுதல் குவிந்திருந்தது. நல்ல காற்று, ஏரி, விளையாட்டு என்று எல்லாம் இருந்தும், பெரியவர் கண்ணில் படாத நேரமும் அங்கே நிறைய இருந்தது. அந்த நேரத்தில் பையன்கள் ஒருவருக்கொருவர் ஆசிரியர் ஆனார்கள்.

அந்தப் பாடம் எப்படி நடக்கிறது என்பதை ஓரிகன் மாநிலத்தில் தாமஸ் டிஷியனும் அவர் குழுவினரும் கிட்டத்தில் இருந்து பார்த்தார்கள். 13, 14 வயதுப் பையனையும் அவன் நண்பனையும் ஓர் அறையில் உட்காரவைத்து, அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பேசவிட்டு, வீடியோவில் பதிவு செய்தார்கள். பேச்சின் பொருளை மட்டும் அவர்கள் குறிக்கவில்லை. எதற்குச் சிரிப்பு வந்தது என்பதையும் குறித்தார்கள். சாதாரண நண்பர்களிடையே திருட்டு, போதை, அடிதடி பற்றி ஒருவன் எடுத்தால் மற்றவன் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, பேச்சு வேறு பக்கம் திரும்பியது. ஏற்கெனவே வம்பில் சிக்கிய பையன்களிடையே பள்ளி, விளையாட்டு என்று பேசினால் அறை மந்தமாக இருந்தது. விதியை மீறிய கதை வந்தால்தான் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததும் அடுத்த கதை இன்னும் கொஞ்சம் பெரிதானது. யார் அறையில் அப்படிச் சிரிப்பு அதிகமாக இருந்ததோ, அவர்கள் அடுத்த ஆண்டுகளில் குற்றத்தில் மேலும் ஆழமாக இறங்கினார்கள். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. "வாடா, திருடலாம்" என்று ஒருவர்கூடக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. சிரிப்பே போதுமானதாக இருந்தது.

எட்வின் சதர்லேண்ட் என்ற அமெரிக்க சமூகவியலாளர் இதை 1939-லேயே கோட்பாடாக எழுதினார். குற்றம் பிறவியில் வருவதில்லை, நெருங்கிய வட்டத்தில் பேசிப் பழகிக் கற்கப்படுகிறது என்றார். செய்முறையோடு சேர்த்து, அதற்கான நியாயத்தையும் அந்த வட்டமே கற்றுத் தருகிறது.

சென்னையில் கல்லூரிக்குப் போகும் பேருந்துத் தடங்களில் "ரூட்டு தல" என்று ஒரு பட்டம் உருவானது உங்களுக்குத் தெரியும். தன் ரூட்டுக்கு ஒரு தல, எதிர் ரூட்டுக்கு ஒரு தல. கூரைமேல் ஏறுவதும் பாட்டுப் பாடுவதும் விளையாட்டாகத் தொடங்கின. பிறகு பைக்குள் கத்தி வந்தது. அந்தப் பையன்களில் பலர் தங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் தலைமுறை. வகுப்பறையில் ஆங்கிலப் பாடம் புரியாமல் பின்னால் உட்கார்ந்து, யார் கண்ணிலும் படாமல் இருந்தவனுக்குப் பேருந்துக் கூரை ஒரு பெயரைக் கொடுத்தது. நூறு பேர் கைதட்டினார்கள். வகுப்பறை அந்தக் கைதட்டலில் ஒரு சிறு பங்கைக் கொடுத்திருந்தால் அவன் கூரை ஏறியிருப்பானா என்று கல்லூரிகளும் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது தீர்ப்பு ஊடகம் பற்றியது. இளைஞர்களை ஊடகம் கெடுக்கிறது என்ற அச்சம் பழையது. 1933-இல் அமெரிக்காவில் சினிமாவும் குற்றமும் பற்றி ஆய்வு நூல் வந்தது. 1954-இல் ஃப்ரெட்ரிக் வெர்தம் என்ற மனநல மருத்துவர் காமிக்ஸ் புத்தகங்கள் சிறுவர்களைக் குற்றவாளி ஆக்குகின்றன என்று எழுதினார், செனட் விசாரணையே நடந்தது. அவர் தம் சான்றுகளைத் தமக்கு ஏற்றபடி திருத்தியிருந்தார் என்பது 2012-இல் அவருடைய காகிதங்களை ஆராய்ந்தபோது தெரியவந்தது. ஆகவே இந்த விஷயத்தில் அவசரத் தீர்ப்பு கூடாது.

நான் பெரிதும் மதிக்கும் சோதனை ஆல்பர்ட் பாண்டுரா 1965-இல் வெளியிட்டது. குத்தினால் சாய்ந்து மறுபடி நிமிரும் காற்றடைத்த பொம்மை ஒன்றை ஒரு பெரியவர் அடித்து உதைக்கும் படத்தைச் சிறு பிள்ளைகளுக்குக் காட்டினார். சில பிள்ளைகள் பார்த்த படத்தில் அடித்தவருக்குப் பாராட்டு கிடைத்தது. சிலர் பார்த்ததில் அடித்தவருக்குத் தண்டனை கிடைத்தது. தண்டனையைப் பார்த்த பிள்ளைகள் பொம்மையைக் குறைவாகவே அடித்தார்கள். சோதனை அத்துடன் முடிந்திருந்தால், "கடைசி ரீலில் வில்லன் செத்தால் போதும்" என்று நாம் நிம்மதியாக இருந்திருக்கலாம். பாண்டுரா இன்னொன்றும் செய்தார். "பார்த்ததைச் செய்துகாட்டு, பழச்சாறும் படமும் தருகிறேன்" என்றார். உடனே எல்லாப் பிள்ளைகளும் ஒரே அளவில் செய்துகாட்டினார்கள். தண்டனையைப் பார்த்தவர்களும் அடிக்கும் முறையை முழுதாகக் கற்றேவைத்திருந்தார்கள்.

இதில்தான் நாம் தேடும் விளக்கம் இருக்கிறது. திரை கற்றுத் தருகிறது. கற்றதை வெளியே எடுப்பதா வேண்டாமா என்பதை, எடுத்தால் தனக்கு என்ன கிடைக்கும் என்பதை வைத்துப் பிள்ளை முடிவுசெய்கிறது. அதைத் தருபவர்கள் வீட்டிலும் தெருவிலும் இருக்கிறார்கள். கோடிப் பேர் பார்க்கும் படத்தைப் பார்த்துக் கோடிப் பேரும் கத்தி எடுக்காததன் காரணம் இதுவே. செல்போன் வந்தபின் ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. முன்பு திரை வேறு, தெரு வேறு. இன்று பையன் கையிலேயே திரை இருக்கிறது, அதில் கைதட்டுபவர்களும் இருக்கிறார்கள். ஓரிகன் அறையில் சிரித்தவன் ஒருவன். ரீல்ஸில் சிரிப்பவர்கள் ஆயிரம் பேர்.

2018 பிப்ரவரியில் சென்னை அருகே மலையம்பாக்கத்தில் ஒரு ரவுடியின் பிறந்தநாள் கூட்டத்தைப் போலீசார் சுற்றிவளைத்து எழுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தார்கள். அரிவாளால் கேக் வெட்டும் படத்தை அன்று திரும்பத் திரும்பக் காட்டியவை நம் தொலைக்காட்சிகள். அதன்பின் பட்டாக்கத்தியால் கேக் வெட்டி வீடியோ போட்டுப் பிடிபடும் பையன்களைப் பற்றி எத்தனையோ செய்திகள் படித்துவிட்டோம். ரவுடியின் பெயருக்கு முன்னால் அடைமொழி போட்டு, அவன் செய்த கொலைகளைப் பட்டியலிட்டு, பின்னணி இசையோடு ஒளிபரப்பும்போது அதைப் பார்க்கும் பையனுக்குக் கிடைப்பது எச்சரிக்கை அல்ல, ஆசை. செய்தி ஆசிரியர்கள் இந்த அவையில் இருந்தால் கைகூப்பிக் கேட்கிறேன்: குற்றத்தைச் சொல்லுங்கள், குற்றவாளிக்குக் கட்டவுட் வைக்காதீர்கள். 18 வயது நிரம்பாத பிள்ளையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு சொல்கிறது. பெயரை மறைத்துவிட்டுத் தெருவையும் பள்ளியையும் தகப்பனார் தொழிலையும் எழுதினால் அந்தச் சட்டத்தை மதித்தவர்கள் ஆகமாட்டீர்கள்.

அப்படியானால் என்ன செய்யலாம்? முதலில், நாம் நிறுத்த வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

பையன் தப்பு செய்தால், "ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய் நாலு தட்டு தட்டச் சொன்னா சரியாயிடுவான்" என்று நினைக்கும் பெற்றோர் உண்டு. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநில ராவே சிறைக்குப் பையன்களை அழைத்துச் சென்று ஆயுள் கைதிகளை விட்டு மிரட்டவைத்தார்கள். அதைப் பற்றிய ஆவணப்படத்துக்கு ஆஸ்கர் விருதே கிடைத்தது. பிறகு இத்தகைய திட்டங்களை முறையாக ஆராய்ந்தவர்கள், மிரட்டப்பட்ட பையன்கள் மிரட்டப்படாதவர்களைவிட அதிகமாகக் குற்றம் செய்தார்கள் என்று கண்டார்கள். பயம் சில நாள் நிற்கும். சிறையைப் பார்த்துவிட்டு வந்த கதையோ தெருவில் பெருமையாக வலம்வரும்.

பள்ளிகளில் அடங்காத பையன்களை எல்லாம் ஒரே செக்‌ஷனில் தள்ளுகிறோம், கடைசி பெஞ்சில் சேர்த்து உட்காரவைக்கிறோம். கேபட் நல்ல எண்ணத்தோடு முகாமில் செய்ததை நாம் அலட்சியத்தோடு வகுப்பறையில் செய்கிறோம். அதுவும் போதாமல் டி.சி. கிழித்துக் கையில் கொடுத்து அனுப்புகிறோம். பள்ளியிலிருந்து விரட்டப்பட்டவன் பகலில் எங்கே போவான்? அவனைப்போல் விரட்டப்பட்ட இன்னொருவனிடம்தான் போவான். ஒரு டி.சி.யால் பள்ளிக்கு ஒரு தலைவலி குறையும், ஊருக்கு ஒரு கூட்டம் கூடும்.

இனி, செய்ய வேண்டியவை. க்ளூக் தம்பதியர் ஆராய்ந்த, குற்றத்தில் சிக்கிய 500 பாஸ்டன் பையன்களில் பலரை சாம்ப்சனும் லாப்பும் 70 வயதுவரை பின்தொடர்ந்தார்கள். சீர்திருத்தப் பள்ளிகளில் அடைபட்டவர்கள் அவர்கள். பெரும்பாலானவர்கள் ஒரு கட்டத்தில் குற்றத்தை விட்டுவிட்டார்கள். எப்படி விட்டார்கள் என்று கேட்டபோது அவர்கள் சொன்னவை எளிமையானவை. அக்கறையுள்ள மனைவி, நிலையான வேலை, நம்பிக்கை வைத்த முதலாளி, பழைய தெருவிலிருந்து பிரித்துக் கொண்டுபோன ராணுவப் பணி. இவை எல்லாமே புதிய உறவுகள், புதிய வட்டங்கள். "கெட்டவன் கெட்டவன்தான்" என்ற பேச்சுக்கு அந்த முதியவர்களின் வாழ்க்கையே மறுப்பு.

ஐஸ்லாந்து என்ற சிறு நாடு இன்னொரு சான்று. 1998-இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் கடந்த ஒரு மாதத்தில் குடித்துப் போதை ஏறியிருந்தோம் என்றார்கள். 2016-இல் அது 5 சதவீதம். அவர்கள் பிள்ளைகளை மிரட்டவில்லை. விளையாட்டு, இசை, நடனம் ஆகிய பயிற்சிகளை ஒவ்வொரு பகுதியிலும், பெரியவர்களின் முறையான பொறுப்பில் நடத்தினார்கள். ஏழைக் குடும்பத்துக்குக் கட்டணத்தில் அரசு கைகொடுத்தது. பெற்றோர்கள் கூடிப் பேசி, மாலையில் தெருவைச் சுற்றிவந்தார்கள். இரவு வெளியே சுற்ற நேர வரம்பு வைத்தார்கள். வீடும் நட்பும் பொழுதும் ஒன்றாக மாறின.

நம்மிடமும் சட்டம் இருக்கிறது. பிள்ளையை இல்லத்தில் அடைப்பது கடைசி வழி என்று இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. கூர்நோக்கு இல்லத்தில் அடைப்பதைவிட, நல்ல நன்னடத்தை அலுவலர் ஒருவர் பையனின் வீட்டுக்கு வந்து பேசுவது மேல். அந்த அலுவலர்கள் போதிய அளவில் இருக்க வேண்டும் என்று கேட்பது பெற்றோர் சங்கங்களின் கோரிக்கையாக வேண்டும்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது பெரிய செலவில்லாதது. பிள்ளையின் நண்பர்கள் பெயர் தெரிந்திருக்கட்டும். அவர்கள் உங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடட்டும். தப்புக்குக் கண்டிப்பு உண்டு, அது இன்றும் நாளையும் ஒரே அளவு என்று பிள்ளைக்குத் தெரியட்டும். படம் பார்த்தால் கூட உட்கார்ந்து பாருங்கள். அரிவாள் தூக்கியதற்கு அரங்கம் கைதட்டும்போது, வெட்டுப்பட்டவனின் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசுங்கள். மிக முக்கியமாக, பிள்ளை நல்லது செய்யும்போது நீங்கள் முதலில் கைதட்டுங்கள். பத்து மதிப்பெண் கூடியதற்கு, தங்கையைப் பள்ளியில் விட்டுவந்ததற்கு, கபடியில் தோற்றும் எதிரணிக்குக் கைகொடுத்ததற்குக் கைதட்டுங்கள்.

தவறிப்போன பிள்ளை திரும்பி வந்தால் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். வேலை கேட்டு வந்தால் கடைக்காரர் ஒருவர், மெக்கானிக் ஒருவர், ஒப்பந்ததாரர் ஒருவர் அவனை நம்பிச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாஸ்டன் பையன்களில் சிலரை மீட்டது அப்படிப்பட்ட ஒரு மனிதரின் நம்பிக்கை. இந்த ஊரில் அந்த மனிதராக இருக்க முடியாதவர் இந்த அவையில் ஒருவர்கூட இல்லை. இருக்க வேண்டும் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.